இரண்டாவது டிஸ்க்

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்லி என் அக்கா என்னிடம் 12,000 ரூபாய் கொடுத்தாள். நான் ஒன்று வாங்கினேன். மிச்சப் பணத்தைச் செலவு செய்தேன். வாங்கிய ஒன்றையும் கீழே போட்டு உடைத்தேன். உடைத்ததைப் பத்து மாதம் மறைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படிச் சுருக்கிச் சொன்னால் அது எனக்குச் சாதகமாகப் போய்விடும். கை தவறி விழுவது யாருக்கும் நடக்கும் என்று நீங்கள் விட்டுவிடக்கூடும். அதனால் எதையும் விடாமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குமணன்சாவடியில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மின். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. கம்பெனியின் கணக்கு, இன்வாய்ஸ், டிராயிங் எல்லாவற்றுக்கும் தினமும் ராத்திரி பேக்கப் ஓடும். சர்வரில் ஒன்று, தனிப் பெட்டியில் ஒன்று, வேறொரு கட்டடத்தில் ஒன்று. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு இது. எங்கள் தொழிலில் 3-2-1 என்போம். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்து, திறக்கிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போடுவேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அக்கா வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். வீடு முகலிவாக்கம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட ராத்திரி, அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உயிர் பிழைத்ததே பெரிது. தண்ணீர் வடிந்து நான் போனபோது மாமா மொட்டை மாடியில் கல்யாண ஆல்பத்தை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருந்தது. பிரித்தால் முகங்கள் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போயின. அவர் நாலு பக்கம் பிரித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போனார். அவர்களிடம் இருந்த பழைய போட்டோக்களை வாங்கிவந்து, ஸ்கேன் செய்து, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். யார், எந்த வருஷம், எந்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிவைத்தார். நாலு வருஷம் பிடித்தது. எங்கள் அப்பாவின் சின்ன வயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் அவர்தான். 2020இல் பள்ளிக்கூடம் மூடியதும் பாடங்களைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார். வீடியோ அனுப்பினால் பிள்ளைகளுக்கு டேட்டா தீர்ந்துவிடும் என்று வெறும் குரல் மட்டும். மொத்தம் 146 பாடம். இது தவிர மகளுக்கென்று ஒரு ஃபோல்டர். நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் பெரியவளுக்கு, 2016இலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வாழ்த்து பேசி வைத்திருந்தார். கல்யாணத்தன்று மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் மாமா போய்விட்டார்.

ஜூலையில் அக்கா மகன் சின்னவனுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. வீட்டில் இருந்தது மாமாவின் லேப்டாப் ஒன்றுதான். மாமா சேர்த்துவைத்த படங்களும் பதிவுகளும் நிறைந்து அதில் இடமே இல்லை. மாமாவின் போனும் அவனுக்கு வேண்டியிருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ரெண்டு டிஸ்க் வாங்கணும்மா. ஒண்ணு நம்ம வீட்ல, ஒண்ணு மாமா வீட்ல. ஒரு எடத்துல தண்ணி வந்தாலும் இன்னொண்ணு இருக்கும்" என்று பதினாறு வயதுப் பையன் சொன்னான். அவனுக்கு மாமா நான். நான் வருஷக்கணக்காகச் சொல்வதைத்தான் அவன் சொன்னான். சரியாகச் சொல்கிறான் என்று தலையாட்டினேன். அக்கா பீரோவைத் திறந்து பணத்தை எடுத்தாள். மாமாவுக்கு வந்த பணத்தில் அவள் முதலில் செய்த செலவு அதுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். எவ்வளவு டேட்டா என்று கேட்டார். 212 ஜிபி என்றேன். "அப்ப 1 டிபி ரெண்டு எடுத்துக்குங்க சார். ஒண்ணு நாலாயிரம். வேற வேற கம்பெனியா எடுத்தா இன்னும் நல்லது" என்றார். ஒரே கம்பெனியின் ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே குறையோடு ஒரே சமயத்தில் போகலாம் என்பதால் அப்படிச் சொன்னார். தொழில் தெரிந்தவர் பேச்சு. வாரன்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை என்றும் சொன்னார். விழுந்துவிடும் என்ற பயம் இருந்தால் சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இருக்கிறது, விலைதான் அதிகம், அதையும் வருஷக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள் என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கே பாடமா என்ற எரிச்சல். அந்தக் கர்வத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் கையில் இருந்த இரண்டையும் தள்ளிவிட்டு 2 டிபி ஒன்றைக் காட்டி அதைக் கொடுங்கள் என்றேன். 5,600 ரூபாய். 212 ஜிபிக்கு 2 டிபி எதற்கு? என் படங்களுக்கு. நான் டவுன்லோடு செய்துவைத்திருந்த சினிமாக்களுக்கு என் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. அக்கா டிஸ்க்கில் காலியாகக் கிடக்கும் இடத்தில் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று கடை வாசலிலேயே கணக்குப் போட்டேன்.

மிச்சம் 6,400. இரண்டாவது டிஸ்க்கை அடுத்த மாதம் வாங்கலாம் என்று நினைத்தேன். அந்த வாரமே வண்டிக்கு இரண்டு டயரும் மாற்றி, சர்வீஸும் செய்தேன். மீதி பெட்ரோலுக்குப் போனது. அவசரத் தேவை என்று எதுவும் இல்லை. டயர் இன்னும் மூன்று மாதம் ஓடியிருக்கும். அடுத்த மாதம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது.

முகலிவாக்கம் போய் லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகினேன். சரிபார்க்கலாம் என்று பாடங்களில் கண்ணில் பட்ட ஒன்றைத் திறந்தேன். மாமா குரல். ஏட்டுச்சுவடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஓலை நிற்காது, பூச்சி தின்னும், ஈரம் தின்னும், யாராவது உட்கார்ந்து பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும் என்றார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர உ.வே.சா. ஒரே நூலுக்கு எத்தனை ஊர் ஏடுகளைத் தேடினார், ஒன்றில் செல்லரித்த வரி இன்னொன்றில் எப்படி முழுதாகக் கிடைத்தது என்று விளக்கினார். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதைச் சொல்லி, அவற்றில் வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளும் இருந்தன என்று சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தினார். இரண்டு மூன்று நிமிஷம் கேட்டிருப்பேன். நல்ல குரல். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஃபைலை மூடினேன். எல்லாவற்றையும் செலக்ட் செய்தேன். கட் கொடுத்தேன்.

காப்பி கொடுக்கவில்லை. கட். கீபோர்டில் எக்ஸும் சியும் பக்கத்துப் பக்கத்து எழுத்து. விரல் வழுக்கியது என்று சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். விரல் வழுக்கவில்லை. எப்படியும் லேப்டாப்பைக் காலி செய்ய வேண்டும், இரண்டு வேலையை ஒன்றாக முடிப்போம் என்று தெரிந்தே அழுத்தினேன். ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அது பேக்கப் இல்லை. சாமான் வேறு வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். இருந்ததும் ஒன்று, இப்போது இருப்பதும் ஒன்று.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. பிறகு லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். போனில் இருந்ததையும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு ரீசெட் செய்யச் சொல்லிச் சின்னவனிடம் கொடுத்தேன். அவன் திரையைப் பார்த்தபடி நின்றான். அழித்துவிடு என்ற பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது.

"மாமா, ரெண்டாவது டிஸ்க் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்டா. வீட்ல இருக்கு. தைரியமா அழி."

அழுத்தினான்.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அதுதான். டிஸ்க் பிறகுதான் உடைந்தது. ஆனால் மாமா பொருள் போனது அந்த நிமிஷம். இன்னும் வாங்கவில்லை, கொஞ்சம் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினாறு வயதுப் பையன் முன்னால் சிறுத்துப்போய்விடுவேன் என்று பயந்தேன். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப் போட்டே எழுதப்பட்டிருக்கும். ரீசெட் செய்தால் சாவி அழிந்துவிடும். அதற்குப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. இதுவும் எனக்குத் தெரியும்.

டிஸ்க்கை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அதில் சினிமா ஏற்றினேன். டிவியில் செருகிப் படம் பார்த்தோம். இப்படி ஒன்றரை வருஷம்.

2023 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். ராத்திரி பத்து மணி இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. டிவிக்குப் பின்னால் கையை விட்டு சார்ஜர் ஒயரைத் தேடினேன். கறுப்பு ஒயர் ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தேன். அது டிஸ்க்கின் ஒயர். செட்டாப் பாக்ஸ் மேலிருந்து டிஸ்க் வழுக்கி வந்து டைல்ஸ் தரையில் விழுந்தது. இரண்டடி உயரம்கூட இல்லை. ஒயர் கழலவில்லை. டிஸ்க்கின் மேலிருந்த சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. டிவியில் படம் அப்படியே நின்றது.

டிஸ்க்குக்குள் கண்ணாடி போல மின்னும் தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும். நொடிக்கு 90. படிக்கும் ஹெட் தட்டைத் தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாத சமயத்தில் ஹெட் ஓரமாக ஒதுங்கி நிற்கும். அப்போது விழுந்திருந்தால் பிழைத்திருக்கலாம். இது ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சினிமாவுக்காக.

எடுத்துக் காதருகே வைத்தேன். டிக். இடைவெளி. டிக். இடைவெளி. சுவர்க்கடிகாரத்தை விடக் கொஞ்சம் வேகம். ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்பும் சத்தம் அது. இந்தச் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும், மறுபடி போடவே கூடாது என்று ஆபீசில் யார் கேட்டாலும் சொல்வேன். நான் கழற்றினேன். மறுபடி செருகினேன். வேறு ஒயர் போட்டேன். கம்ப்யூட்டரில் போட்டேன். லேப்டாப்பில் போட்டேன். தலைகீழாகப் பிடித்துப் போட்டேன். விடியும் வரை இருபது தடவைக்குக் குறையாது. மறுநாள் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். குளிரில் சுருங்கிச் சரியாகும் என்று பழைய காலத்துப் பேச்சு ஒன்று உண்டு. அது பொய் என்றும் எனக்குத் தெரியும். பயந்தவன் எதையும் செய்வான். மாவு டப்பாவை எடுக்கப்போன என் மனைவி இது என்ன என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். முகலிவாக்கம் எனக்கு அரை மணி நேரம். செய்யவில்லை. சொந்தத்தில் யார் போன் கெட்டாலும், யார் லேப்டாப் நின்றாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அக்கா அழுவாளே என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது.

ஆவணியில் பாப்பாவுக்கு நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம். அந்த வாரமே அக்கா கேட்டாள், பிறந்தநாள் வாழ்த்துகளை மட்டும் தனியாக எடுத்துக் கொடு என்று. எடுக்கிறேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டாள். ஆபீசில் வேலை என்றேன். நவராத்திரிக்குப் போனபோது மெதுவாகக் கேட்டாள். தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம் அவள் குரலில் இருந்தது. தப்பு செய்தவன் நான், தயங்கியவள் அவள்.

அதற்குப் பிறகுதான் டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்பது மாதம் கழித்து. தூசியில்லாத அறையில் திறந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு போட்டோவைக் காட்டினார்கள். தட்டின் மேல் வட்டமாகக் கீறல், ரெக்கார்டு தட்டில் ஊசி பாய்ந்த மாதிரி. கீறிய இடத்தில் பூச்சு தூளாக உதிர்ந்திருந்தது. அந்தப் பூச்சில்தான் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. "விழுந்த அப்புறம் எத்தனை தடவை சார் போட்டுப் பாத்தீங்க?" என்று அந்தப் பையன் கேட்டான். நாலஞ்சு தடவை என்றேன். அங்கேயும் பொய். விழுந்தவுடனே கொண்டுவந்திருந்தால், இதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து மாற்றிப் பார்த்திருக்கலாம், கணிசமாகக் கிடைத்திருக்கும் என்றான். விழுந்ததில் போனது கொஞ்சம். நான் செருகிச் செருகிச் சுரண்டியதில் போனது மீதி.

திரும்பி வரும்போது மாலை. குமணன்சாவடியில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. தூண்களுக்கு நடுவே வண்டிகள் நின்றுவிட்டன. இறங்கி நடந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று எதிர்ப்பக்கம் போய்ப் போரூர் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். முதல் பஸ் வந்தது. ஏறவில்லை. இரண்டாவதிலும் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன். அக்காவிடம் சொன்னது அதற்கும் இரண்டு வாரம் கழித்து, தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை.

வண்டியில் போனேன். அக்கா காபி கொடுத்தாள். டிஸ்க் கீழே விழுந்துவிட்டது, எடுக்க முடியவில்லை என்றேன். அவள் பதறவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"சரி விடுடா, அதான் இன்னொண்ணு இருக்கே."

நான் பேசவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இன்னொன்று வாங்கவே இல்லை என்றேன். பணம் என்று ஆரம்பித்து டயர் வரை சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசலில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "சாப்ட்டுப் போ" என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். 6,400 ரூபாயைக் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா வீட்டு டிவி மேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோதும் அது அங்கேயே இருந்தது.

ஸ்கேன் செய்த போட்டோக்கள் போனவை போனவைதான். திருப்பிக் கொடுத்த அசல்களைத் தேடி மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும். நாலைந்து வீட்டுக்குப் போய்வந்தேன். மாமாவுக்கு வெற்றிலை கொடுத்து உட்காரவைத்துப் படங்களைக் காட்டிய கிழவிகளில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியும் இல்லை. வந்தவாசிப் பக்கத்து வீட்டை இடித்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் அப்பாவின் அந்தப் படம் யாரிடமும் இல்லை.

பாடங்களைச் சின்னவன் தேடினான். மாமாவிடம் படித்த பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டு 11 பாடங்களைத் திரட்டியிருக்கிறான். யாரோ தம்பிக்கு அனுப்பியது, யாரோ அழிக்க மறந்தது. ஏட்டுச்சுவடிப் பாடம் அதில் இல்லை. கல்லூரி விடுதிக்குப் போகும் முன் அவனே இரண்டு டிஸ்க் வாங்கினான். 1 டிபி, வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கடை. ஒன்று அக்கா பீரோவில், ஒன்று விடுதியில் அவன் அலமாரியில். எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

2024 தை மாதம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் பாப்பா கல்யாணம் நடந்தது. மேடைக்குப் பக்கத்துத் திரையில் மாமாவின் படம் ஒன்று. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பெரிதாக்கியது. முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தாலி கட்டி முடிந்ததும் பாப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். குரல் எதுவும் இல்லை. நான் பந்தி பக்கம் போய்விட்டேன்.

டிஸ்க் கீழே விழுந்து உடைந்தது என்பது மட்டும்தான் இன்றுவரை பாப்பாவுக்குத் தெரியும். அவள் அப்பா அவளுக்காக வருஷா வருஷம் பேசி வைத்திருந்தார் என்பதையும் அக்கா சொல்லவில்லை. இரண்டாவது டிஸ்க்குக்குப் பணம் கொடுத்ததையும் சொல்லவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று விட்டிருக்கிறாள். நான் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று முறை பாப்பா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பரிமாறினாள்.

பாப்பாவிடம் சொல்லட்டுமா என்று நேற்று அக்காவைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். இதை இப்போது பாப்பாவுக்கு அனுப்பப் போகிறேன்.